பம்பரில் பற்றவைத்த கொக்கி

மார்கழி 19, சனி

டாக்டரம்மா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பு. "கோவம் வந்தா யாருகிட்டயும் கத்தாதீங்க கோமளம், ஒரு டைரி வாங்கி எழுதிப்புடுங்க" என்றார். வாங்கவில்லை. மளிகைக் கடைக்காரர் ஓசியில் கொடுத்தது கிடந்தது.

இன்று டிரெய்லர் வந்து சேர்ந்தது. ஆறு ரூம், மேலே தண்ணீர்த் தொட்டி, அடியில் கழிவுத் தொட்டி. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கக்கூஸ் வண்டி. கோயம்புத்தூர்க்காரன் விற்றான், சரி. கழுவிக் கொடுக்க வேண்டாமா? மூன்றாவது ரூமைத் திறந்தேன். த்தூ. காலையில் குடித்த காபி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

என் வீட்டுக்காரர் தனுஷ்கோடிக்கு ஒரே கும்மாளம். முன்பு பந்தல் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் பந்தலைவிடக் கக்கூஸைத்தான் அதிகம் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்து, பிளாஸ்டிக் கூண்டுகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். "ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியுமா?" என்பார். அதுதான் கம்பெனி வாசகம். வண்டியைக் கழுவியது நான்.

சாயங்காலம் ஓரகத்தி வந்தாள். கொழுந்தன் வீரணன் பெண்டாட்டி, தமயந்தி. முந்தானையை மூக்கில் வைத்தவள் எடுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்தேன். "இப்பத்தேன் குடிச்சிட்டு வந்தேன்க்கா" என்றாள். இந்தத் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து இவள் இப்பத்தான் குடித்துவிட்டு வருகிறாள். யாருக்கு வேணும் இவள் சகவாசம்.

புது எவர்சில்வர் டம்ளர் ஒன்று அட்டைப்பெட்டியோடு பீரோவில் கிடக்கிறது. யாராவது புது ஆள் வந்தால் கொடுக்கலாம் என்று வாங்கியது.

மார்கழி 22, செவ்வாய்

பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்கு அன்னதானம் போடும் ஒரு குழுவிடமிருந்து வேலை வந்திருக்கிறது. தை பத்திலிருந்து தைப்பூசம் வரை ரெட்டைப்புளி மேட்டில் வண்டி நிற்க வேண்டும். அதற்கு முன் ஜீப்பின் பின்னால் இழுவைக் கொக்கி மாட்ட வேண்டும். டோ பார் என்கிறார்கள்.

திண்டுக்கல் பைபாஸில் இதற்கென்றே ஒரு பட்டறை. பெனடிக்ட் என்று பெயர். சிரிக்கவே தெரியாத மூஞ்சி. "என்ன இழுக்கப் போறீங்க?" என்றார். "டாய்லெட் டிரெய்லர்" என்றார் இவர். அந்த வார்த்தையைச் சொன்னதும் எதிராளி மூஞ்சி எப்படிச் சுருங்கும் என்று நான் எப்போதும் பார்ப்பேன். இந்த ஆளுக்குச் சுருங்கவில்லை.

"காலியா எம்புட்டு எடை? தண்ணி நெறஞ்சா எம்புட்டு? கழிவு நெறஞ்சா எம்புட்டு?"

இவர் முழித்தார். "எடை தெரியாம கொக்கி வச்சா அது கொக்கி இல்ல, தூண்டில்" என்று சொல்லிவிட்டு மனுஷன் சட்டையோடு அப்படியே தரையில் மல்லாந்து, ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். நானும் குனிந்து பார்த்தேன். அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. புறங்கையால் துடைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் சொன்னது இவ்வளவு. கொக்கியின் இரும்புப் பட்டையை ஜீப்பின் முதுகெலும்பான சேசிஸில், இரண்டு பக்கமும் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். டிரெய்லர் மட்டமாக நிற்கிற மாதிரி கொக்கிக் குமிழின் உயரம் பார்க்க வேண்டும். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் டிரெய்லரிலும் சேர்ந்து எரிய, தனி வயர் இழுக்க வேண்டும். குமிழ் விட்டாலும் வண்டி விடாமலிருக்க, குறுக்கே இரண்டு சங்கிலி. எல்லாம் முடிந்ததும் பாரம் ஏற்றி, அவரும் கூட உட்கார்ந்து பைபாஸில் ஓட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

"ஒரு கொக்கிதானண்ணே, இம்புட்டு எதுக்கு?" என்றார் இவர்.

"கொக்கிதான். பின்னாடி வர்றவன் உசுரு அதுலதான் தொங்குது."

மார்கழி 26 வரச் சொன்னார். பேசுகிற தினுசு பிடிக்கவில்லை. வேலை தெரிந்த ஆள் என்று மட்டும் தோன்றியது.

மார்கழி 24, வியாழன்

வீரணன் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றபடியே அண்ணனுக்கு உபதேசம்.

"மார்கழில வண்டிக்குப் புது இரும்பு பூட்டலாமாண்ணே? அது வீட்டுக்கு ஆகாதுண்ணே."

அவன் கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறைக்காரன். எந்த மாதத்திலும் இரும்பைத்தான் பூட்டிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு மட்டும் மார்கழி ஒன்றும் செய்யாது போல. ஆனால் தம்பி சொல்லிவிட்டால் இவருக்கு வேத வாக்கு. மாமனார் செத்தபோது அவன் இடுப்பளவுப் பையன். தூக்கி வளர்த்தவர் இவர். அவன் மூஞ்சி வாடினால் இவருக்குச் சோறு இறங்காது.

பெனடிக்டுக்கு நான்தான் போன் போட்டேன். தைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்றேன்.

"எல்லாரும் தையிலதாம்மா வர்றாய்ங்க. தைப்பூசம் வரைக்கும் எடமே இல்ல. மார்கழில எம் பட்டறை காத்தாடுது."

"மார்கழி ஆகாதுங்கிறாக, அண்ணே."

"எங்க சாமியே மார்கழிலதாம்மா பொறந்தாரு" என்று போனை வைத்துவிட்டார். 

திமிரைப் பார்.

தை 1, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. தமயந்தி வீட்டுக்குத் தூக்கில் கொடுத்தனுப்பினேன். தூக்கு திரும்பி வந்தது, கழுவி. அவர்கள் தெரு நாய் காலையிலிருந்து எங்கள் வீட்டு வாசலிலிருந்து நகரவில்லை. நெய்ப் பொங்கல் ருசி கண்டுவிட்டது போல.

தை 4, ஞாயிறு

"நான் இருக்கையில வெளியாளு எதுக்குண்ணே? எனக்கென்ன கொக்கி வைக்கத் தெரியாதா?" என்று வீரணன் வந்துவிட்டான். மார்கழி 26-க்கு இவர் பெனடிக்ட் பட்டறைப் பக்கமே போகவில்லை, இப்போது இது. வேண்டாம் என்றேன். இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளூர் மாடு வெல போகாதுங்கிற மாதிரி பேசாத கோமளம். தம்பி மனசு நோகும்" என்றார்.

தம்பி மனசு கண்ணாடி. என் மனசு கக்கூஸ் வாளி.

கறி எடுத்து வரச் சொல்லி, மிளகு அரைத்துக் குழம்பு வைத்தேன். வேலைக்கு வந்த ஆளுக்குச் சோறு போடாமல் இருக்க முடியுமா. அடுப்படியில் இருந்ததால் அவன் செய்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது, பொறி தெரிந்தது. உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. வெளியே வந்தால் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மூக்கில் கைக்குட்டை. சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. பம்பரில் கொக்கி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கறுப்புப் பெயிண்ட், சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம்.

"சாப்பிடு வீரணா" என்றேன்.

"இல்ல மதினி, குளிக்கணும்" என்று போய்விட்டான்.

எங்கள் ஜீப்பைத் தொட்டதற்குக் குளியல். குழம்பு அப்படியே இருக்கிறது. நாளைக்கும் அதுதான்.

தை 5, திங்கள்

ஜீப்பைக் கழுவினேன். அடியில் விளக்குமாற்றை விட்டால் சேசிஸிலிருந்து ஸ்டெப்னி டயர் வரைக்கும் தூசி அப்பிய சிலந்தி வலை, ஒரு இழை அறுபடாமல் வேட்டி மாதிரி தொங்குகிறது. இவரெல்லாம் வண்டி வைத்திருக்கிற லட்சணம்! எத்தனை மாதமாகக் கட்டியதோ. அடித்துவிட்டேன். சிலந்தி என் கைமேல் ஓடியது. சீ.

தை 8, வியாழன்

டிரெய்லரை மாட்டி ஊருக்குள் ஒரு சுற்று. பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம். இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரில் பிரேக் லைட் எரிகிறது. பிரேக் போட்டால் ஒன்றும் எரியவில்லை. வீரணன் வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறான். சங்கிலி எங்கே என்று கேட்டேன்.

"என் வெல்டிங்குக்குச் சங்கிலி வேறயா மதினி?" என்று சிரித்தான்.

இவர் பின்னால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். தீர்ந்தது பிரச்சினை. துணியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

தை 10, சனி

ரெட்டைப்புளி மேடு. பெயருக்கு ஏற்ற மாதிரி இரண்டு புளியமரம், நடுவே ரோடு சரிந்து கண்மாய்ப் பக்கம் இறங்குகிறது. பந்தல் மட்டமான இடத்தில். "சாப்புடுற எடத்துக்குப் பக்கத்துல இது வேணாம். அப்புடி ஓரமா தள்ளி நிறுத்துங்க" என்று குழுத் தலைவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரிவைக் காட்டினார். மூன்று பந்தி சாப்பிட்டவன் எங்கே வருவான்? இங்கேதான் வருவான். அதைச் சொன்னால் எனக்குக் கொதிப்பு ஏறும்.

சரிவில் டிரெய்லர் தனியாக நிற்காது. ஜீப்பிலேயே மாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினோம்.

தை 11, ஞாயிறு

பச்சை வேட்டி, பச்சைச் சேலை, பையின் முதுகில் வெளிச்சத்துக்கு மின்னும் ஸ்டிக்கர். ஓயாமல் வருகிறார்கள். பக்தி எல்லாம் வெளியேதான். உள்ளே போனால் ஒரு மனுஷனுக்கும் தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை. இரண்டாவது ரூமில் வாழை இலை. நான்காவதில் ஒரு முழுத் தேங்காய் மூடி. எந்தப் பாவி, எதற்காகப் போட்டான்? கையை விட்டுத்தான் எடுத்தேன்.

ஆறாவது ரூம் ஜீப்பை ஒட்டி இருக்கிறது. அதை மட்டும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். பினாயில் போட்டுக் கழுவி, ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருக்கிறேன். எனக்காக.

மத்தியானம் ஒரு கிழவர் கொப்புளம் வெடித்த காலோடு வந்தார். ஆறாவதைத் திறந்துவிட்டேன். வெளியே வந்து கும்பிட்டார். போங்கய்யா என்றேன்.

தை 12, திங்கள்

தினம் விடியற்காலையிலும் சாயங்காலமும் ரூம்களைப் பூட்டிவிட்டு, இவர் டிரெய்லரை இழுத்துப்போய் கழிவு இறக்கும் இடத்தில் காலி செய்து வருகிறார். இன்று திரும்பி வந்ததும் பார்த்தேன். பம்பர் ஜீப்போடு சேர்கிற இடத்தில் பெயிண்ட் விண்டு துருக் கலரில் ஒரு கோடு. பம்பர் ஒரு பக்கம் சரிந்த மாதிரியும் இருந்தது. இவரிடம் காட்டினேன்.

தம்பிக்குப் போன் போட்டார். அவன் மாலை போட்டுக் கிளம்பிவிட்டானாம், தமயந்தியும் கூடவாம். பிள்ளை வரத்துக்கு வேண்டுதல். "மாலையோட வெல்டிங் தொடக் கூடாதுண்ணே. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றான்.

நான் பெனடிக்டுக்குப் போட்டேன்.

"பம்பர்லயா வச்சிருக்கு?" என்றார். "பம்பரு தகரம்மா. அடி வாங்குறதுக்கு வச்சது, இழுக்குறதுக்கு இல்ல. இனி அதுல கட்டி ஒரு அடி இழுக்காதீங்க. வெறும் ஜீப்பைக் கொண்டாங்க, நாளைக்கு மத்தியானச் சோத்தை விட்டுட்டுப் பாக்குறேன்."

தை 13, செவ்வாய்

இவர் போகவில்லை.

"நாளைக்குத் தம்பி இந்தப் பக்கமா நடந்து வர்றான் கோமளம். வர்றப்ப வேற ஆளு வேலை வண்டில இருந்தா அவன் மூஞ்சில எப்புடி முழிக்கிறது? அவன் கடந்து போகட்டும், மறுநா விடியக் கொண்டு போயிருவோம்."

"பாதயாத்திரைச் சனம் ரோடெல்லாம் போகுது. உருண்டு ஒருத்தர் மேல ஏறுனா உங்க தம்பி மூஞ்சி வந்து தாங்குமா?"

"மெதுவா ஓட்டுறேன், ஒரு நாளுதான" என்றார். 

ஐம்பது வயது ஆம்பளை கெஞ்சுகிறார். அருவருப்பாக இருந்தது. சரி என்று தொலைத்தேன். அவர் ஓட்டுகிற வண்டி என்ற பயம் எல்லாம் எனக்கில்லை. ஆனாலும் காலி செய்துவிட்டு அவர் திரும்பி வருகிற வரை நான் ரோட்டோரத்தில்தான் நின்றேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

தை 14, புதன்

இன்று எழுத முடியாது. கை நாறுகிறது.

தை 15, வியாழன்

திண்டுக்கல் ஆஸ்பத்திரி. தமயந்தி தூங்குகிறாள். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே யாரிடமாவது கத்திவிடுவேன்.

நேற்று மத்தியானம் அவர்கள் கூட்டம் வந்தது. வீரணன் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டான். தமயந்தி எங்கள் பக்கம் திரும்பவில்லை. கூட வந்தவர்களிடம், டிரெய்லர்க்காரி யாரென்று தெரியாதது மாதிரியே இருந்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் தாழ நடக்கலாம் என்று அவர்கள் பந்தலிலேயே தங்கிவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரம். தொட்டி நிறைந்துவிட்டது, எல்லா ரூமையும் பூட்டியாயிற்று. இவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒருத்தி முகம் தெரியாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எத்தனை துண்டு சுற்றினால் என்ன, அந்த நடை எனக்குத் தெரியாதா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்னதானத் தயிர் சேரவில்லை போல. அக்கா என்றுகூடக் கூப்பிட வாய் வரவில்லை அவளுக்கு.

ஆறாவது ரூமைத் திறந்துவிட்டேன். இவரிடம், "இருங்க, ஒரு ஆளு உள்ள போயிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

சக்கரத்துக்குக் கொடுத்த கற்கள் அங்கே இல்லை. அப்போது நான் கவனிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நான்கு பெண்கள் அந்தக் கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டிச் சுக்குத்தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, கல்லைப் பார்த்தால் அடுப்பு என்றுதான் பொம்பளைக்குத் தோன்றும். நிறைந்த டிரெய்லரை அந்தச் சரிவில் பிடித்துக்கொண்டிருந்தது கொக்கி மட்டும்தான்.

டமார் என்று சத்தம். ஜீப் அங்கேயே நிற்கிறது. பம்பர் முழுசாகப் பிய்ந்து, கொக்கியோடும் எலுமிச்சம்பழத்தோடும் டிரெய்லரின் பின்னால் இழுபட்டுக்கொண்டு போகிறது. உள்ளே அவள்.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. ரோட்டில் காவடிக் கூட்டம் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா பக்கத்தில் வந்தவளைத் தோளோடு இழுத்துத் தள்ளினாள். அவர்களை உரசிக்கொண்டு போய் வண்டி கீழே இருந்த புளியமரத்தில் மோதிச் சாய்ந்தது. தொட்டி பிளந்துகொண்டது.

கூட்டம் கூடிவிட்டது. எல்லோர் கையும் மூக்கில். ஒருத்தன் கிட்டே வரவில்லை. குழுத் தலைவர், "ஐயோ, அன்னதானம் நடக்குற எடம்" என்கிறார். உள்ளே ஒரு உயிர் கிடக்கிறது, அந்த ஆளுக்கு அன்னதானம்! வீரணன் ஓடி வந்தான். கழிவு பரவிய இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டான்.

"உள்ள உன் பொண்டாட்டிடா!" என்றேன்.

அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது. கால் ஒன்று முன்னால் வந்தது. கீழே பார்த்தான். கால் பின்னால் போய்விட்டது. "மாலை போட்டுருக்கேன் மதினி" என்றான். அழுகிறான், ஆனால் நகரவில்லை.

இவர் கதவை நெம்பினார். நான் உள்ளே இறங்கினேன். முழங்கால் வரை இருந்தது. என்ன இருந்தது என்று எழுத வேண்டாம். தமயந்தி மூலையில் மடங்கிக் கிடந்தாள், தலைமுடியிலிருந்து கால்வரை. என்னைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் வாய் என் காதோரம் இருந்தது. அக்கா அக்கா என்று வேறு பேச்சே இல்லை. வலது மணிக்கட்டு தொங்கியது.

மேல் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் கழுவினேன், என் மாற்றுச் சேலையைச் சுற்றினேன். "தண்ணி" என்றாள். கையில் இருந்தது நான் கழுவப் பயன்படுத்திய பிளாஸ்டிக் மக்கு. வேறு எடுத்து வருகிறேன் என்பதற்குள் பிடுங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டாள். மறுபடியும் கேட்டாள்.

அப்போதுதான் வீரணன் அந்தப் பம்பரைக் காலால் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அண்ணே, வெல்டிங் விடலண்ணே. பம்பர்தான் கழண்டுருக்கு."

ஊர்க் கழிவெல்லாம் அள்ளியிருக்கிறேன். அந்தப் பேச்சைப் போல எனக்கு எதுவும் குமட்டியதில்லை. இவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கழுவப் போனார். வெறுங்காலோடு சனம் வந்துகொண்டே இருந்தது.

தை 16, வெள்ளி

வீரணன் பழனிக்கு நடந்து போய்விட்டான். வேண்டுதல் பாதியில் நிற்கக் கூடாதாம். தமயந்தியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பம்பர் இல்லாத ஜீப்பை வாசலில் பார்த்தபோது மண்டையில் உறைத்தது. அந்தச் சிலந்தி வலை. வெல்டிங் வைத்த மறுநாள் அடியில் வலை ஒரு இழை அறுபடாமல் தொங்கியது. வீரணன் அடியில் போகவே இல்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. கக்கூஸ் வண்டி இழுக்கிற ஜீப்புக்கு அடியில் படுக்க அசிங்கம், அதனால் முக்காலியில் உட்கார்ந்து கைக்கு எட்டிய பம்பரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். வேலை தெரியாதவன் என்று நினைத்தேன். தெரிந்தவன்தான். அதுதான் சகிக்கவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் தமயந்தியிடம் சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். மென்றுகொண்டே கேட்டாள். இன்னொரு கவளத்துக்கு வாயைத் திறந்தாள்.

தை 18, ஞாயிறு

தைப்பூசம். டிவியில் பார்த்தோம். தமயந்தி மீன்குழம்பு கேட்டாள். பூசத்தன்றைக்கா என்று திட்டினேன். நாளைக்கு வைக்க வேண்டும்.

டம்ளர் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. அவள் என் சொம்பிலேயே குடித்துவிடுகிறாள்.

தை 22, வியாழன்

பெனடிக்ட் பட்டறை. தமயந்திக்குக் கட்டுப் பிரிக்கிற தேதியும் கேட்க வேண்டியிருந்ததால் அவளும் வந்தாள். வீரணன் பஞ்சாமிர்த டப்பாவோடு அங்கேயே வந்து சேர்ந்தான். பெண்டாட்டியைக் கூட்டிப் போக வந்தானாம். டப்பாவை நீட்டினான். வாங்க அவளுக்கு ஒரு கை இருந்தது, ஆனாலும் வாங்கவில்லை.

ஜீப் காலையிலிருந்து அங்கே நிற்கிறது. சேசிஸில் பட்டை ஏறிவிட்டது. பெனடிக்ட் அடியில் கிடந்தபடியே, "மறுபக்கம் நட்டைப் பிடிக்க ஒரு ஆளு வேணும், எம் பையன் சாப்புடப் போயிட்டான்" என்று சத்தம் கொடுத்தார். இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க இருங்கத்தான்" என்றாள் தமயந்தி. "அவரு படுப்பாரு."

வீரணன் சுற்றும் முற்றும் பார்த்தான். பட்டறைப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் கிடந்த ஒரு சாக்கை எடுத்து, உதறி, ஜீப்புக்கு அடியில் விரித்தான். தமயந்தி போய் நல்ல கையால் சாக்கை இழுத்துத் தூர எறிந்தாள்.

"நான் என்ன சாக்கு விரிச்சா கெடந்தேன்?"

வீரணன் வெறுந்தரையில் மல்லாந்து உள்ளே நகர்ந்தான். பெனடிக்ட் ஸ்பேனரைக் கொடுத்து, "ரெண்டு கையாலயும் புடி, விட்டுறாத" என்றார். நான் குனிந்து பார்த்தேன். மேலிருந்து அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்து கண்ணோரம் இறங்கியது. துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.